நூறு நாள் வேலையை நிறுத்தினால் காட்டுக்கு ஆள் வருமா?

கோபி பக்கம் எட்டு ஏக்கரில் மஞ்சளும் வாழையும் போடும் ஒருவர் கேட்டிருக்கிறார்: ‘களை வெட்ட ஆளே சிக்குவதில்லைங்க. ரேஷன் அரிசி இலவசம், பஸ் இலவசம், மாதம் ஆயிரம் ரூபாய், அது போக நூறு நாள் வேலை. இத்தனையும் கொடுத்தால் காட்டு வேலைக்கு யார் வருவார்கள்? அரசாங்கமும் கடனில் மூழ்கிக் கிடக்கிறது. எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு உண்மையான ஏழைக்கு மட்டும் கொடுத்தால் என்ன?’

ஆள் கிடைக்கவில்லை என்பது உண்மை. பவானி, கோபி, சத்தி என்று எங்கே போனாலும் இதே பேச்சுத்தான். அதை நான் மறுக்கவில்லை. காரணம் நீங்கள் சொல்லும் நான்கு திட்டங்கள்தானா என்பதைத்தான் கணக்கு வைத்துப் பார்க்க வேண்டும். ஊராட்சிக் கணக்குகளோடும் பயனாளிப் பட்டியல்களோடும் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இவற்றை நிறுத்தினால் ஆள் வரமாட்டார்கள். அரசின் கடனும் பெரிதாகக் குறையாது. ‘உண்மையான ஏழை’யைச் சலித்து எடுக்கும் வேலையில் முதலில் விடுபடுகிறவர் அந்த ஏழைதான். திருத்த வேண்டியது நிறைய இருக்கிறது. அதை நம் மோட்டார் ரூமிலிருந்து தொடங்க வேண்டும் என்பேன்.

முதலில் நூறு நாள் வேலை. இங்கே பழைய சட்டப்படி கணக்குப் போடுகிறேன், 2025 டிசம்பரில் வந்த புதிய சட்டத்தைப் பின்னால் சொல்கிறேன். 2025-26ல் தமிழ்நாட்டுக்கு அறிவித்த நாள் கூலி 336 ரூபாய். வேலையை அளந்து பார்த்துத்தான் கூலி போடுவார்கள். அளவு குறைந்தால் கூலியும் குறையும். நூறு நாளும் முழுக் கூலி கிடைத்தாலே ஆண்டுக்கு 33,600 ரூபாய்தான். அந்த நூறு நாள் ஆளுக்கு நூறு கிடையாது, ஒரு குடும்பத்துக்கே நூறு. மாநிலச் சராசரியோ அறுபது நாளைத் தாண்டுவதில்லை. வேலைக்கு வருபவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் பெண்கள். குளத்துக் கரையில் மண் வெட்டும் இடத்துக்கு ஒரு நாள் போய்ப் பாருங்கள். மூட்டு வலியோடு உட்கார்ந்து எழும் அம்மாயிகளும், கைக்குழந்தையை மர நிழலில் விட்டுவிட்டு வந்தவர்களும் நிறைய இருப்பார்கள். அவர்களில் எத்தனை பேரை நீங்கள் மஞ்சள் வெட்டுக்குக் கூப்பிடுவீர்கள்?

கூலியையும் ஒப்பிடலாம். ரிசர்வ் வங்கி வெளியிட்ட புள்ளிவிவரப்படி 2022-23ல் தமிழ்நாட்டில் ஆண் விவசாயத் தொழிலாளியின் சராசரி நாள் கூலி சுமார் 470 ரூபாய். அதே ஆண்டு நூறு நாள் வேலையின் கூலி 281. கூலிப் பணமும் உடனே கைக்கு வருவதில்லை. 2025 தொடக்கத்தில் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய கூலி பாக்கி 1,056 கோடி என்று முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதமே எழுத வேண்டியிருந்தது. பொங்கல் செலவுக்குப் பணம் வேண்டியவர்கள் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். 470 ரூபாயைக் கையில் வாங்கக்கூடிய ஆள், எப்போது வரும் என்று தெரியாத 281 ரூபாய்க்காக அதை விட்டுவிட்டுப் போவாரா? பெண்ணாள் கூலியில் இந்த இடைவெளி குறைவு. அங்கே கொஞ்சம் இழுவை இருக்கத்தான் செய்கிறது. அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அப்படியானால் ஆட்கள் எங்கே போனார்கள்? விடிகாலையில் ரோட்டோரம் நின்றால் தெரிந்துவிடும். மில் வேனும் கம்பெனி பஸ்ஸும் ஊர் ஊராக ஆளை ஏற்றிக்கொண்டு போகின்றன. திருப்பூர் பனியன் தொழிலில் மட்டும் நேரடியாக ஆறு லட்சம் பேர் அளவில் வேலை செய்கிறார்கள். அது போக நூற்பாலைகள், பெருந்துறை சிப்காட், நாமக்கல் கோழிப்பண்ணைகள், கரூர் ஜவுளி, கட்டட வேலை எல்லாம் இருக்கின்றன. செக்கிங், கைமடி (டெய்லருக்கு உதவியாள்) வேலையில் சேர்ந்த பெண் கொஞ்ச நாளில் டெய்லராகிவிடலாம். சனிக்கிழமை சம்பளம், தீபாவளிக்குப் போனஸ், தலைக்கு மேல் கூரை. இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். கம்பெனியில் அவளை யாரும் சாதியை வைத்து ‘ஏய், வாடி’ என்று கூப்பிடுவதில்லை. தனி டம்ளரில் டீ குடிக்க வேண்டியதில்லை. நம் ஊர்களில் காட்டு வேலைக்கு வந்துகொண்டிருந்தவர்களின் பிள்ளைகள் இன்று பாலிடெக்னிக்கும் கல்லூரியும் முடித்திருக்கிறார்கள். அவர்கள் களைக்கொத்தைத் தொடமாட்டார்கள். நம் பிள்ளைகளும்தான் தொடுவதில்லை.

ரேஷன் அரிசிக்கு வருவோம். 2008ல் கிலோ ஒரு ரூபாயாக இருந்தது, 2011 ஜூன் முதல் இலவசம். இருபது கிலோ அரிசியை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் கால் மேல் கால் போட்டு உட்கார முடியாது. பருப்பு, எண்ணெய், கேஸ், பள்ளிக்கூடச் செலவு, வாடகை எல்லாம் அரிசியில் சேராது. ஆனால் அந்த இருபது கிலோ வேறொன்றைச் செய்தது. முன்பெல்லாம் வீட்டில் அரிசி தீர்ந்தால் தோட்டக்காரரிடம் போய் முன்பணம் வாங்க வேண்டும். வாங்கிய பணத்தைக் கழிக்க, சொன்ன கூலிக்கு, சொன்ன நாளில், சொன்ன நேரத்துக்கு வர வேண்டும். பண்ணையாளாக வருஷக் கூலிக்குக் கட்டுப்பட்டுக் கிடந்த குடும்பங்களை நம் தாத்தா காலத்தில் எல்லா ஊரிலும் பார்க்கலாம். அடுப்பெரிய அரிசி வீட்டில் இருப்பதால் இன்று ஒரு விதவைப் பெண், ‘இந்தக் கூலிக்குக் கட்டாதுங்க’ என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போக முடிகிறது. நமக்கு அது சிரமம்தான். அவளுக்கு அதுதான் மானம். இந்த மாற்றத்தைப் பெரிய நன்மை என்றே நான் கருதுகிறேன்.

உதவி கொடுத்தால் சோம்பேறியாகிவிடுவார்கள் என்பதை உலக அளவில் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 2019ல் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் அவரோடு சேர்ந்தவர்களும் மெக்சிகோ, இந்தோனேசியா, மொராக்கோ உட்பட ஆறு நாடுகளில் நடந்த ஏழு பண உதவித் திட்டங்களை ஒன்றாக வைத்து ஆராய்ந்தார்கள். பணம் வாங்கியவர்கள் வேலையைக் குறைத்துக்கொண்டார்கள் என்பதற்கு உறுதியான சான்று எதுவும் கிடைக்கவில்லை. நமக்கு இன்னும் பக்கத்தில், அன்றைய ஆந்திரத்தில், கார்த்திக் முரளிதரன் குழுவினர் நூறு நாள் வேலையை ஆராய்ந்தார்கள். கூலி ஒழுங்காகப் போய்ச் சேர்ந்த மண்டலங்களில் ஏழைக் குடும்பங்களின் வருமானம் 14 சதவீதம் கூடியது. அந்தக் கூடுதலில் பெரும்பகுதி, நூற்றுக்கு 86 பங்கு, திட்டத்துக்கு வெளியே கிடைத்த வருமானம். வெளிக் கூலி ஏறியது, வெளி வேலையும் குறையவில்லை. கூலி ஏறியதற்கு இந்தத் திட்டமும் ஒரு காரணம் என்ற புகார் சரி, வேலையே செய்ய மாட்டேன் என்கிறார்கள் என்பது சரியில்லை.

சரி, அரசின் கடன். தமிழக அரசின் 2025-26 வரவு செலவுத் திட்டத்தில் வருவாய் வரவு சுமார் 3.31 லட்சம் கோடி. வருவாய்ப் பற்றாக்குறை 41,635 கோடி. ஆண்டு இறுதியில் நிலுவைக் கடன் 9.3 லட்சம் கோடி அளவுக்குப் போகும் என்று மதிப்பிட்டார்கள். கவலைப்பட வேண்டிய தொகைதான். வட்டிக்கு மட்டும் ஆண்டுக்கு 70,000 கோடி போகிறது. இப்போது நீங்கள் சொன்ன திட்டங்களை எடுத்துக்கொள்வோம். மகளிர் உரிமைத் தொகைக்கு 13,807 கோடி. பெண்களுக்கான கட்டணமில்லாப் பேருந்துக்கு 3,600 கோடி. பள்ளிக் காலை உணவுக்கு 600 கோடி. உணவு மானியம் 10,000 கோடிக்கு மேல். எல்லாம் சேர்த்தாலும் வரவில் நூற்றுக்குப் பத்து ரூபாய்க்குள் அடங்கும். நூறு நாள் வேலைக்கான கூலி இதில் வராது, அந்தச் செலவை மத்திய அரசு ஏற்றுவந்தது. சம்பளமும் ஓய்வூதியமும் சேர்ந்தால் நூற்றுக்கு நாற்பது. ‘இலவசத்தால்தான் அரசு மூழ்குகிறது’ என்கிறவர்கள் இந்த வரிசையைப் பார்த்துவிட்டுப் பேசினால் நல்லது.

இந்தப் பட்டியலில் ஒன்றை விட்டுவிட்டோம். மின்சார மானியம். வீடு, விவசாயம், விசைத்தறி எல்லாவற்றுக்குமாக மாநில அரசு ஆண்டுக்கு 15,000 கோடிக்கு மேல் மின்வாரியத்துக்கு ஈடு கட்டுகிறது. மகளிர் உரிமைத் தொகையைவிடப் பெரிய தொகை இது. நம் பக்கத்தில் யாரும் இதை ‘இலவசம்’ என்று சொல்வதில்லை.

ஒரு கிணற்றுக்குக் கணக்குப் போடுகிறேன். ஏழரை ஹெச்.பி. மோட்டார் மணிக்குச் சுமார் 5.6 யூனிட் இழுக்கும். நாளைக்கு ஆறு மணி நேரம், வருஷத்தில் இருநூறு நாள் ஓடினால் 6,700 யூனிட். யூனிட்டுக்கு ஐந்து ரூபாய் என்று குறைத்தே போட்டாலும் 33,500 ரூபாய். வாரியத்துக்கு ஆகும் செலவு உண்மையில் அதைவிட அதிகம். குனிந்து நிமிர்ந்து நூறு நாள் மண் வெட்டினால் ஒரு குடும்பத்துக்குக் கிடைக்கும் 33,600 ரூபாயும் இதுவும் ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டாவது கிணறோ போரோ இருந்தால் இன்னொரு பங்கு. சோமனூர், பல்லடம் விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு ஆயிரம் யூனிட் இலவசம், அதாவது ஆண்டுக்கு ஆறாயிரம் யூனிட். அது போக 266 ரூபாய்க்கு வாங்கும் யூரியா மூட்டையின் அசல் விலை இரண்டாயிரத்துக்கு மேல். நாடு முழுவதும் உர மானியத்துக்கு 2025-26ல் 1.67 லட்சம் கோடி ஒதுக்கினார்கள், நூறு நாள் வேலைக்கு 86,000 கோடி. 2021ல் தமிழ்நாட்டில் 16.43 லட்சம் விவசாயிகளின் கூட்டுறவுப் பயிர்க் கடன் 12,110 கோடி தள்ளுபடியானது. தள்ளுபடி வாங்கியவர்களை யாரும் சோம்பேறி என்று சொல்லவில்லை. சொல்லவும் கூடாது.

இதை விவசாயியைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. அந்த இலவச மின்சாரத்துக்கு இந்த மண் உயிரைக் கொடுத்திருக்கிறது. 1970 ஜூன் 19 அன்று பெருமாநல்லூரில் மின் கட்டண உயர்வை எதிர்த்து நின்றவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்து மூன்று விவசாயிகள் செத்தார்கள். 1972ல் நாராயணசாமி நாயுடு தலைமையில் கட்டை வண்டிகள் கோவையை நிறைத்தன. 1984ல் சிறு விவசாயிக்கும், 1990ல் எல்லா விவசாயிக்கும் என்று அந்தச் சலுகை படிப்படியாக வந்தது. காவிரிப் பாசனக்காரனுக்கு வாய்க்காலில் தண்ணீர் சும்மா வருகிறது, கிணற்றுப் பாசனக்காரன் கரண்டுக்குக் காசு கொடுத்து இறைக்க வேண்டியிருக்கிறது என்பது அன்றைக்கு வைத்த நியாயமான வாதம். நான் சொல்ல வருவது ஒன்றுதான். நமக்கு வரும் உதவி உரிமை என்றால், ரேஷன் கடை வரிசையில் நிற்பவருக்கு வருவதும் உரிமைதான். அது ஓசி என்றால் இதுவும் ஓசிதான். ஒரே முழக்கோலால் இரண்டையும் அளக்க வேண்டும்.

அந்தக் கோலால் அளந்தால் சீர்திருத்தத்துக்கு முதலில் நிற்பது மோட்டார்தான். நிலம் அதிகம் உள்ளவருக்கு உதவியும் அதிகமாகப் போகிறது. சொந்த நிலமில்லாதவருக்கு இதில் ஒரு பைசா கிடையாது. அளவு மானி இல்லாததால் எவ்வளவு போகிறது என்று வாரியத்துக்கே சரியாகத் தெரியாது. தண்ணீர் என்ன ஆனது? அவிநாசி, அன்னூர், பல்லடம் பக்கம் ஆயிரம் அடிக்குக் கீழே போர் போட்டும் வெறும் புழுதி பறக்கிறது. அறுபது ஆண்டுக் கோரிக்கையான அத்திக்கடவு-அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கி ஆயிரத்துச் சொச்சம் குளம் குட்டைகளுக்குத் தண்ணீர் போக ஆரம்பித்தது பெரிய ஆறுதல். ஆனால் மேலே நிரப்புவதைக் கீழே கணக்கில்லாமல் இறைத்துக்கொண்டிருந்தால் எத்தனை நாளைக்கு? பஞ்சாபில் 2018ல் ஒரு முறையைக் கொண்டுவந்தார்கள். விவசாயிக்கு ஒரு அளவு மின்சாரம் இலவசம். அந்த அளவுக்குக் குறைவாக ஓட்டினால் மீதமான யூனிட்டுக்குப் பணமாகவே கொடுத்துவிடுவார்கள். நம் பக்கம் அதைச் செய்யலாம். ஐந்து ஏக்கர்க்காரர் ஒரு ரூபாயும் இழக்க வேண்டியதில்லை. சொட்டு நீருக்கு மாறியவர் கையில் காசு பார்ப்பார். மீட்டர் என்றாலே நம் ஆட்களுக்குப் பயம் வருகிறது, அதற்குக் காரணமும் உண்டு. இன்றைக்கு மீட்டர், நாளைக்குப் பில் என்று ஆகாது என்பதற்குச் சட்டத்திலேயே உறுதி கொடுத்துவிட்டுச் செய்ய வேண்டும்.

ஏழைக்குச் செலவழிக்கும் பணம் எங்கே போகிறது என்பதையும் யோசித்துப் பாருங்கள். சத்துணவுக்கு வாரம் ஐந்து முட்டை 2010 முதல் போடுகிறார்கள். நாமக்கல் கோழிப்பண்ணைக்கு அது நிச்சயமான கொள்முதல். 1983ல் எம்.ஜி.ஆர். தொடங்கிய பொங்கல் வேட்டி சேலைத் திட்டத்தில் பெரும்பகுதி நெசவு ஈரோடு, திருச்செங்கோடு வட்டாரத்து விசைத்தறிகளில்தான் ஓடுகிறது. ஆர்டர் தாமதமான ஆண்டுகளில் தறிக்காரர்கள் பட்ட பாடு உங்களுக்கே தெரியும். இலவசப் பேருந்தால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சம் என்று மாநிலத் திட்டக்குழு ஆய்வு சொன்னது. அந்தப் பணம் ஊர் மளிகைக் கடையிலும் வாரச் சந்தையிலும்தான் செலவாகிறது. உங்கள் வாழைக்காயை வாங்குவதும் அவர்கள்தான். அது மட்டுமில்லை, பஸ் சும்மா என்பதால் பத்து கிலோமீட்டர் தள்ளியிருக்கிற தோட்டத்துக்கும் பெண்கள் வேலைக்கு வர முடிகிறது. நிறுத்தினால் அந்த ஆளும் வராது.

இப்போது கேள்வியின் கடைசிப் பகுதி: உண்மையான ஏழைக்கு மட்டும் கொடுப்பது. கேட்க நியாயமாக இருக்கிறது. செய்து பார்த்தவர்கள் பட்ட அனுபவம் வேறு. 1997ல் மத்திய அரசு ரேஷனை வறுமைக் கோட்டுக்கு மேல், கீழ் என்று பிரித்தது. தமிழ்நாடு பிரிக்காமல் எல்லாருக்கும் என்றே வைத்துக்கொண்டது. பிரித்த மாநிலங்கள் பலவற்றில் செல்வாக்குள்ளவர் ஏழைக் கார்டு வாங்கிக்கொள்ள, கூலிக்காரர் வெளியே நின்றார். எல்லாருக்குமான கடையில் எல்லாருக்கும் அக்கறை இருக்கும், அரிசி மட்டமாக இருந்தால் வாத்தியார் வீட்டு அம்மாவும் சேர்ந்து சத்தம் போடுவார். நம்மிடமும் ஓட்டை உண்டு. வாளையாறு, பொள்ளாச்சி வழியாகக் கேரளாவுக்குக் கடத்தப்படும் ரேஷன் அரிசி ஊரறிந்த விஷயம். அரிசி வாங்கி விற்பவர்கள், தேவையில்லை என்றால் சர்க்கரை அட்டைக்கு மாறிக்கொள்ள வழி இருக்கிறது. அதை ஊக்கப்படுத்த வேண்டும். கடத்தும் லாரியைப் பிடிக்க வேண்டும். கார்டைப் பறிப்பது இதற்கு மருந்தில்லை.

மகளிர் உரிமைத் தொகையில் சலிப்பு எப்படி நடக்கிறது என்று பாருங்கள். 2023ல் 1.63 கோடிப் பேர் விண்ணப்பித்தார்கள். 1.06 கோடிப் பேருக்குக் கிடைத்தது. விதிகளில் ஒன்று, ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் ஓடும் வீட்டுக்குக் கிடையாது. இன்னொன்று, ஐந்து ஏக்கர் நஞ்சை அல்லது பத்து ஏக்கர் புஞ்சைக்கு மேல் கூடாது. அதாவது உங்கள் எட்டு ஏக்கர் புஞ்சைப் பட்டாவாக இருந்தால் நிலவரம்பு உங்கள் வீட்டுக்கே தடையில்லை. ஆனால் கூட்டுக் குடித்தனத்தில் ஒரே மீட்டரில் மூன்று அடுப்பு எரிந்தால் மருமகள் விடுபடலாம். திருப்பூரில் லைன் வீட்டில் குடியிருப்பவர்களுக்கு ரேஷன் கார்டு தேனியிலோ சேலத்திலோ இருக்கும். முகாம் நடக்கும் நாளில் ஷிப்டை விட்டுவிட்டு ஊருக்குப் போக முடியாது. முதியோர் ஓய்வூதியமும் அப்படித்தான். மாதம் 1,200 ரூபாய் தருகிறார்கள். அதில் மத்திய அரசின் பங்கு எண்பது வயதுக்குட்பட்டவருக்கு 200 ரூபாய், பதினைந்து ஆண்டுக்கு மேலாக அதே 200தான். மகன் இருக்கிறான், ஓட்டு வீடு இருக்கிறது என்று மனு திரும்பி வரும். மகன் சோறு போடுகிறானா என்று கேட்கும் கட்டம் மனுவில் கிடையாது.

கொங்கு நாட்டின் வறுமை மாநிலச் சராசரிக்குள் மறைந்துபோகிறது. நிதி ஆயோக் கணக்கில் 2019-21ல் தமிழ்நாட்டில் பல பரிமாண வறுமை 2.2 சதவீதம்தான், நாட்டுக்கு 14.96. நமக்குப் பெருமையான எண். ஆனால் 2025 ஜூலையில் பள்ளிபாளையம் பக்கத்து விசைத்தறித் தொழிலாளர்கள் கடனை அடைக்கச் சிறுநீரகம் விற்ற செய்தி வந்ததே, அவர்கள் எந்தச் சதவீதத்தில் வருகிறார்கள்? அவர்கள் வீட்டில் டிவி இருக்கும், செல்போன் இருக்கும், ஒரு டூவீலர்கூட இருக்கும். கூடவே வாரத் தவணை, குழுக்கடன், தறி முதலாளியிடம் வாங்கிய முன்பணம் எல்லாம் இருக்கும். வீட்டில் ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்தால் மொத்தமும் சரியும். அதே 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது திருப்பூரில் ஷிப்ட் குறைந்தது. பீஸ் ரேட்டில் தைப்பவருக்கு நூறு நாள் வேலையும் இல்லை, அது கிராமத்துக்கு மட்டும். இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டில், வேலை இழந்தவருக்குத் தொண்ணூறு நாள் வரை சம்பளத்தில் கால் பங்கு தரும் ஏற்பாடு 2018ல் வந்தது, 2020ல் அதைப் பாதிச் சம்பளமாக உயர்த்தினார்கள். கான்ட்ராக்ட் ஆட்களில் பலர் இ.எஸ்.ஐ.க்குள்ளேயே வருவதில்லை. செலவைக் குறைப்பதைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் இந்தப் பள்ளங்களை அடைப்பதைப் பேச வேண்டும் என்பது என் ஆதங்கம்.

நிறுத்துவது பற்றிக் கேட்டீர்கள். பாதி நிறுத்தம் ஏற்கெனவே வந்துவிட்டது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் பழைய நூறு நாள் வேலைச் சட்டத்துக்குப் பதிலாக, வி.பி. ஜி ராம் ஜி என்று சுருக்கிச் சொல்லப்படும் புதிய சட்டத்தை நிறைவேற்றியது. அதில் நாள் 125. விதைப்பு, அறுவடைக் காலத்தில் 60 நாள் வரை வேலை நடக்காமல் மாநிலம் நிறுத்தி வைக்கலாம். நீங்கள் கேட்டது கிட்டத்தட்ட இதைத்தான். ஆனால் உடன் இரண்டு மாற்றங்கள் இருக்கின்றன. முன்பு உடலுழைப்புக் கூலி முழுவதும் மத்திய அரசுடையது. இனிச் செலவில் நூற்றுக்கு நாற்பது மாநிலத்தின் தலையில். முன்பு வேலை கேட்டு எத்தனை பேர் வந்தாலும் பணம் வர வேண்டும் என்பது சட்டம். இனி மாநிலத்துக்கு இவ்வளவு என்று மத்திய அரசு முன்கூட்டியே ஒதுக்கும், அதற்கு மேல் ஆனால் மாநிலம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த இரண்டாவது மாற்றம்தான் என்னைப் பயமுறுத்துகிறது. அமெரிக்காவில் 1996ல் இதே மாதிரி ஒன்று நடந்தது. ஏழைத் தாய்மார்களுக்கான பண உதவியைத் தகுதி உள்ள எல்லாருக்கும் என்ற நிலையிலிருந்து மாற்றி, மாநிலங்களுக்கு ஆண்டுக்கு 1,650 கோடி டாலர் என்று கட்டித் தொகையாக்கினார்கள். வேலை செய்தாக வேண்டும், வாழ்நாளில் ஐந்து ஆண்டுதான் என்றும் வைத்தார்கள். தொடக்க ஆண்டுகளில் வேலைவாய்ப்பு நன்றாக இருந்தது, பலர் வேலைக்குப் போனார்கள், வெற்றி என்றார்கள். தொகை மட்டும் அப்படியே நின்றது. விலைவாசி ஏற ஏற அதன் மதிப்பு தேய்ந்தது. மாநிலங்கள் அந்தப் பணத்தை வேறு செலவுகளுக்கும் திருப்பின. 1996ல் பிள்ளைகள் உள்ள நூறு ஏழைக் குடும்பங்களில் 68க்குக் கிடைத்த உதவி, பின்னர் இருபது சொச்சத்துக்குத்தான் கிடைத்தது. ஏழைகள் குறைந்ததால் வந்த குறைவு கிடையாது இது. கட்டித் தொகைக்கு வறட்சி தெரியாது. 2016-17 மாதிரி ஒரு வறட்சி ஆண்டில் சத்தியமங்கலம் மலையடிவாரத்தில் இரண்டு மடங்கு பேர் வேலை கேட்டு வந்தால் என்ன செய்வது என்பதற்குப் பதில் இனி மாநிலத்தின் கஜானாவில் இருக்கிறது.

அந்த அறுபது நாளையும் எச்சரிக்கையாகக் கையாள வேண்டும். மஞ்சளுக்குத் தை, மாசியில் ஆள் வேண்டும். பவானிசாகர் பாசனத்தில் நெல்லுக்கு வேறு மாதம். தாராபுரம், காங்கேயம் மேட்டுக்காட்டில் மானாவாரிச் சோளம், அங்கே மழையைப் பொறுத்துத்தான் எல்லாம். மாவட்டம் முழுவதற்கும் ஒரே தேதியாக அறிவித்தால் ஒரு ஒன்றியத்துக்குப் பொருந்தும், பக்கத்து ஒன்றியத்தில் அந்த மாதம் காட்டில் ஒரு வேலையும் இருக்காது. கிராமசபையில் பேசித் தேதியைச் சொல்லும்படி உங்கள் ஊரிலாவது கேளுங்கள். நீங்கள் பேசும் அதே கூட்டத்தில் வேலைக்கு வரும் பெண்களும் பேசட்டும்.

கடைசியாக உங்கள் எட்டு ஏக்கர். இனி ஆள் மலிவாகக் கிடைக்கும் காலம் வராது, அதை வைத்துத்தான் பண்ணையத்தைத் திட்டமிட வேண்டும். களைக்குப் பவர் வீடர் வாங்கலாம், வேளாண் பொறியியல் துறையில் மானியம் உண்டு. வாங்க முடியாவிட்டால் உழவன் செயலியில் இ-வாடகை வழியாக இயந்திரத்தை வாடகைக்குப் பதிவு செய்யலாம். மஞ்சள் வெட்டுக்கு ஏக்கர் கணக்கில் ஒப்பந்தம் பேசும் குழுக்கள் இருக்கின்றன, ஐப்பசியிலேயே பேசி வைத்தால் தை மாதம் அலைய வேண்டாம். பெண்ணாளுக்கும் ஆணாளுக்கும் கூலியில் இருக்கும் இடைவெளியைக் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள். நிழலில் உட்கார ஒரு இடம், குடிக்க நல்ல தண்ணீர், ஒரு கழிப்பறை, எல்லாருக்கும் ஒரே டம்ளரில் டீ என்று செய்துகொடுத்த தோட்டங்களில் ஆள் பஞ்சம் குறைவாக இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். வருகிறவர்களின் பெயரை, அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான மத்திய அரசின் இ-ஷ்ரம் தளத்தில் பதிந்துகொடுக்க உங்கள் வீட்டுப் பிள்ளைகள் அரை மணி நேரம் செலவழித்தால் போதும். அவர்களில் வயதான ஒரு பெண்ணின் ஓய்வூதிய மனு எங்கே நின்றுபோனது என்று தாலுகா ஆபீஸில் விசாரித்துச் சொன்னால், அடுத்த வருஷம் மஞ்சள் வெட்டுக்கு முதலில் உங்கள் தோட்டத்துக்குத்தான் வருவார்கள்.